எரிந்த பலகைகளால் ஒரு கடற்பாலம்

2017 கோடையில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரைக்குப் போயிருந்தேன். அங்குள்ள பியரில் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் நடைபாலம்) ஏறியதும், 'என்ன, இவ்வளவு காலியாக இருக்கிறதே!' என்றுதான் முதலில் தோன்றியது. கரையோரம் ஒரு பழைய பெவிலியன், நடுவில் புதிதாக ஒரு கட்டடம். அதைத் தாண்டினால் நுனி வரை வெறும் மரத்தளம், அப்புறம் கடல்.

யூஜீனியஸ் பர்ச் வடிவமைத்து 1872இல் திறக்கப்பட்ட பியர் இது. 2010 அக்டோபரில் தீப்பிடித்ததில் மேலே இருந்தவற்றில் பெரும்பகுதி சாம்பலாகிவிட்டது. 2016இல் மீண்டும் திறந்தபோது, டிஆர்எம்எம் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர்கள் நுனியில் எதையும் கட்டவில்லை. வேண்டுமென்றே விட்ட வெறுமை அது. இன்று கச்சேரி மேடை, நாளை சந்தை, அடுத்த வாரம் சர்க்கஸ் கூடாரம் என்று எது வேண்டுமோ அதைக் கொண்டுவந்து நிறுத்தலாம், முடிந்ததும் கழற்றி எடுத்துப் போகலாம். நிரந்தரமாக ஒரு மண்டபம் எழுப்பியிருந்தால் அது ஒரே வேலைக்குத்தான் ஆகும். உப்புக் காற்றில் அதைப் பராமரிக்கும் பாடு தனி.

நடுவில் இருக்கும் கட்டடமும் செங்கல், கான்கிரீட் இல்லை. பலகைகளை ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக அடுக்கி, பசையிட்டு அழுத்திய சிஎல்டி மரம். தொழிற்சாலையிலேயே அளவாக வெட்டி வரும், இங்கே பூட்டினால் போதும். கான்கிரீட்டைவிட எடை மிகக் குறைவு. கடலுக்குள் நிற்கும் கால்களோ பழைய இரும்பு. பாரம் குறையக் குறைய அவற்றுக்கு நல்லதுதானே?

வெளிச்சுவர் முன்னால்தான் நான் வெகுநேரம் நின்றேன். தீயில் தப்பிய பழைய தளப் பலகைகளையே சுவருக்குப் போர்த்தியிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு நிறம்: ஒன்று சாம்பல், பக்கத்தில் தேன் நிறம், அடுத்தது கருத்த பழுப்பு. உட்காரும் இருக்கைகளும் அதே மரம்தான். கையால் தடவினேன். எத்தனை பேர் நடந்து தேய்ந்த பலகையோ! அகன்ற படிகளில் ஏறினால் கூரையே இன்னொரு தளம். காற்று ஆளைத் தள்ளியது.

அன்று மாலை கிழக்கே நடந்து மீனவர் பகுதிக்குப் போனேன். அங்கே வலை வைக்கும் கறுப்பு மரக்கொட்டகைகள், ஒல்லியாக, உயரமாக, ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக நிற்கின்றன. கரையில் இடம் போதாததால் மேல்நோக்கிக் கட்டினார்களாம். குறைந்த இடம், மரம், ஒரே வடிவம் திரும்பத் திரும்ப. காலையில் பியரில் பார்த்த யோசனை இந்த ஊருக்குப் புதிதல்ல என்று அப்போதுதான் புரிந்தது.