மணியின் சிணுங்கல்: ஆறு வாரக் குறிப்பு

இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் உட்கார்ந்ததும் எங்கள் நாய் மணி மேசைக்கு அடியில் வந்து சிணுங்கத் தொடங்குவான். அம்மாவின் கை கீழே போகும், ஒரு துண்டு தோசை. அடங்குவான். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் "ம்ம்ம்".

மணி இரண்டு வயது சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய்; இத்தகைய நாய்களுக்கு வீடு தேடித் தரும் அடோர் திட்டத்தில் தத்தெடுக்கப்பட்டவன். இந்தத் திட்டத்தில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு நாய் எடுப்பவர்கள் கீழ்ப்படிதல் பயிற்சி கொடுத்தாக வேண்டும். வகுப்பில் உட்கார், இரு எல்லாம் அழகாகச் செய்தான். ஈசூனில் எங்கள் வீட்டு மேசைக்குப் பக்கத்தில் வந்தால்தான் எல்லாம் மறந்துபோகும்.

முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். வலி இருந்தாலும் நாய் சிணுங்கும், அதைப் பார்க்காமல் பயிற்சியில் இறங்கக்கூடாது. காது, பல், வயிறு எல்லாம் நன்றாகவே இருந்தன.

முதல் வாரம் அவன் சிணுங்கும்போது நான் பார்க்கவுமில்லை, பேசவுமில்லை. அதட்டினால் அதுவும் அவனுக்குக் கவனிப்புத்தான். நாள்காட்டியில் குறித்து வைத்தேன்: ஏழு இரவுகளில் அம்மா நான்கு முறை கொடுத்திருந்தார், அப்பா இரண்டு முறை. தினமும் கொடுப்பதைவிட இப்படி எப்போதாவது கொடுப்பது மோசம். டோட்டோ லாட்டரி வாங்குகிறவர் போல, இன்றைக்குக் கிடைக்கும் என்று அவன் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அம்மாவிடம் கோபமாகவே பேசிவிட்டேன். "வாயில்லா ஜீவன் கேக்குது, அதுக்குக் கொடுக்காம எனக்கு எப்படிம்மா சோறு இறங்கும்?" என்றார். அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன். அவர் வளர்ந்த வீட்டில் கடைசிக் கவளம் நாய்க்குத்தான். அதைச் செய்யாதீர்கள் என்று சொன்னால் அவருக்குக் கல்நெஞ்சம் வேண்டும் என்று கேட்பது போலத்தானே? கொடுக்காதீர்கள் என்பதை விட்டுவிட்டு, எப்போது கொடுப்பது என்பதை மட்டும் மாற்றலாம் என்று தோன்றியது.

இரண்டாம் வாரம் ஹாலில், மேசையிலிருந்து நாலடி தள்ளி, ஒரு பழைய பாயை விரித்தேன். உப்பில்லாமல் வேகவைத்த கோழியை நகத்தளவு நறுக்கி டப்பாவில் போட்டு அம்மா கையில் கொடுத்தேன். மணி பாயில் படுத்து மூன்று விநாடி சத்தமில்லாமல் இருந்தால் ஒரு துண்டு. அப்புறம் ஐந்து விநாடி, பத்து விநாடி. மேசையிலிருந்து எதுவும் கிடையாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையும், உலர்திராட்சை சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று சொன்னதும் அம்மா பதறிவிட்டார். பாயசத்துத் திராட்சையை ஒரு முறை அவர் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் நாள் சிணுங்கல் 22 நிமிடம் போனது, நடுவில் குரைப்பும் சேர்ந்துகொண்டது. வழக்கமாகக் கிடைப்பது நின்றால் நாய் விடுவதற்கு முன் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கும். இது தெரிந்திருந்ததால், இரண்டு வாரம் கொஞ்சம் சத்தம் இருக்கும் என்று காரிடாரில் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது, சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. அப்பா பொறுக்க முடியாமல் ஒரு அப்பளத்தை எடுத்தார். அம்மா அவர் கையைப் பிடித்தார்: "இருங்க, இன்னும் அவன் அடங்கல." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நான்காம் வாரம் சிணுங்கல் மூன்று, நான்கு நிமிடத்துக்குள் நின்றது.

ஐந்தாம் வாரம் தீபாவளி. வந்த உறவினர்கள் ஆளுக்கொரு முறுக்கை நீட்ட, அடுத்த இரண்டு நாள் பழைய மணியாகிவிட்டான். யாரையும் குறை சொல்ல முடியாது, குழந்தைகள் ஆசையாகக் கொடுத்தார்கள். இனி விருந்தாளிகள் வருவதற்கு முன்பே அவனை வெளியே நன்றாக நடக்க வைத்து, உணவு திணித்து உறையவைத்த காங் ரப்பர் பொம்மையோடு அறையில் விடப்போகிறேன்.

ஆறாம் வாரம், ஏழு இரவுகளில் ஐந்தில் சாப்பாடு முடியும்வரை பாயிலேயே படுத்திருந்தான். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இப்போது ஐந்து நிமிடம் ஆகிறது.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சிணுங்குவது மட்டும் அப்படியே இருக்கிறது. நாளை அதைத் தொடங்குகிறோம். அம்மா இன்று காலையே கோழியை வேகவைத்து, லிஃப்டுக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பா எடுத்து வைத்துவிட்டார்.