ஆக்சிஜென்: மிதக்கும் அந்தத் தந்தி ஒலியைச் செய்வது எப்படி

எழுபதுகளின் பிரெஞ்சு புராக்ரசிவ் இசைக்குள் புதிதாக நுழைபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: பின்னால் பனிமூட்டம் போல நகர்ந்துகொண்டே இருக்கிறதே, அது எந்த சிந்தசைசர்? 1976 டிசம்பரில் வெளியான, பிரெஞ்சு இசையமைப்பாளர் ழான் மிஷெல் ழாரின் ஆக்சிஜென் இசைத்தட்டைப் பொறுத்தவரை, அது சிந்தசைசர் அல்ல, ஓர் ஆர்கன். எமினென்ட் 310 என்ற டச்சு வீட்டு ஆர்கனின் தந்தி ஒலிப் பகுதியை (வயலின் கூட்டம் போல ஒலிப்பது), கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கும் ஸ்மால் ஸ்டோன் ஃபேசர் (ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் பெடல்) வழியாக விட்டிருக்கிறார். பாரிஸில் தன் வீட்டிலேயே, 8 டிராக் இயந்திரத்தில் பதிந்தது.

இந்த இரண்டும் ஏன் இப்படிப் பொருந்துகின்றன என்று புரிந்துகொண்டால் செய்முறை எளிது.

இவ்வகைத் தந்தி ஆர்கனில் ஒவ்வொரு கட்டைக்கும் தனி அலைவி (சுரத்தை உண்டாக்கும் மின்சுற்று) கிடையாது. உச்ச ஸ்தாயியின் 12 சுரங்கள் மட்டும் உருவாகின்றன. கீழ் ஸ்தாயிகள் எல்லாம் அவற்றை இரண்டிரண்டாக வகுத்துப் பெறுபவை. அதனால் ஸ்தாயிகள் ஒன்றோடொன்று இறுகப் பூட்டியே இருக்கும். ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து அழுத்தினாலும் இரண்டு வயலின்கள் சேர்ந்த நிறைவு வராது, ஒரே ஒலி கொஞ்சம் கூர்மையாகும், அவ்வளவுதான். இந்த வறட்சியைப் போக்கத்தான் உள்ளேயே கோரஸ் சுற்று, அதாவது ஒலியின் பிரதிகளைச் சற்றே தாமதித்து அசைத்துக் கலப்பது: மூன்று தாமதக் கோடுகள், ஒவ்வொன்றும் 120 பாகை தள்ளி அசையும். அசைக்கும் அலைகள் இரண்டு. ஒன்று மெதுவானது, சுமார் 0.6 ஹெர்ட்ஸ், மற்றது வேகமானது, சுமார் 6 ஹெர்ட்ஸ்.

மென்பொருளில் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற தயார் ஒலியைத் திறந்தால் அதில் பெரும்பாலும் ஏற்கெனவே பல அலைவிகள் சுருதி பிசகிக் கலந்திருக்கும். அந்தப் பிசகலே தனக்கென ஓர் அசைவைக் கொடுப்பதால், பின்னால் ஃபேசரின் நகர்வு காதில் விழுவதில்லை. ஒரே ஒரு ரம்பப்பல் அலையை எடுங்கள். டிட்யூன் (சுருதிப் பிசகல்), யூனிசன் (ஒரே சுரத்தைப் பல அலைவிகளில் எழுப்புவது) இரண்டையும் அணையுங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நன்றாகக் குறையுங்கள், 6000-க்கு மேலே லேசாக மழுங்கடியுங்கள். அதன்பிறகு மேலே சொன்ன மூன்று கோட்டுக் கோரஸ். இந்த நிலையில் ஒலி சற்று ஏழையாகத்தான் தெரியும். தெரியட்டும்.

அடுத்தது ஃபேசர். ஸ்மால் ஸ்டோனில் நான்கு படிகள் உண்டு. ஒலிநிரலில், அதாவது ஒலியில் கலந்திருக்கும் அதிர்வெண்களின் வரிசையில், இரண்டு பள்ளங்கள் விழுந்து மேலும் கீழும் ஊர்கின்றன. ஊர்வது கேட்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் மேற்சுரங்கள் அடர்த்தியாக இருக்க வேண்டும். ரம்பப்பல் அலையில் இருக்கின்றன. புல்லாங்குழல் ஒலியை இதே பெடலில் விட்டால் ஒன்றுமே நடக்காதது போலிருப்பதற்கு, மேற்சுரங்கள் அதில் மிகக் குறைவு என்பதுதான் காரணம்.

வேகத்தை ஒரு சுற்றுக்கு 7 முதல் 10 வினாடி வரை வையுங்கள். ஒரு கணக்கை மட்டும் மறக்க வேண்டாம்: நிமிடத்துக்கு 120 அடி என்றால் நான்கு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் 2 வினாடி, நான்கு ஆவர்த்தனம் 8 வினாடி. கார்டுகள் நான்கு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை திரும்பும்போது ஃபேசரும் சரியாக 8 வினாடி என்றால், ஒவ்வொரு கார்டும் எப்போதும் ஃபேசரின் ஒரே இடத்தில் தொடங்கும், காது சீக்கிரமே சலித்துவிடும். 7 அல்லது 9 வையுங்கள். எந்தக் கார்டும் முந்தைய சுற்றில் வந்த நிறத்தோடு அடுத்த சுற்றில் திரும்பி வராது. இந்த இசையின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன்.

பெடல் கிட்டாருக்கானது. ஆர்கனின் வெளியீட்டை அப்படியே செருகினால் உடைந்து கரகரக்கும், 10 டெசிபெலாவது குறையுங்கள். மிகவும் குறைத்தால் இரைச்சல் தலைதூக்கும். சத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெடலை ஃபேசருக்குப் பின்னால் வைத்தால் அந்த இரைச்சலும் சேர்ந்து அடங்கும். முன்னால் வைத்தால், சுரம் நின்ற பிறகும் 'ஹ்ஹ்ஹ்' என்று அது மட்டும் ஊர்ந்துகொண்டிருக்கும். எதிரொலி எப்போதும் கடைசி. பழைய எதிரொலிகள் ஃபேசரின் பழைய நிலையைச் சுமந்து வருவதால் பள்ளங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து மென்மையாகும். நாடா இயந்திரத்தில் பதியும் தலைக்கும் வாசிக்கும் தலைக்கும் 4 செ.மீ. இடைவெளி என்றால், வினாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் சுமார் 210 மில்லிவினாடி தாமதம். வேகத்தைப் பாதியாக்கினால் 420.

வாசிப்பில் ஒரு சங்கடம் உண்டு. பல தந்தி இயந்திரங்களில் ஒலி மெல்ல எழும் சுற்று எல்லாக் கட்டைகளுக்கும் பொதுவானது. ஒரு விரலை எடுக்காமல் இன்னொன்றை அழுத்தினால் புதிய சுரம் மெல்ல எழாது, சட்டென்று முழுச் சத்தத்தோடு வந்துவிடும். கார்டு மாறும்போது எல்லா விரல்களையும் ஒரு கணம் தூக்கிவிட்டு வையுங்கள். இடைவெளியை எதிரொலி மூடிக்கொள்ளும்.

கடலோசையும் காற்றும் வி.சி.எஸ். 3 என்ற சிந்தசைசரின் வேலை. லண்டனின் இ.எம்.எஸ். நிறுவனம் 1969-இல் கொண்டுவந்த கருவி. அதன் மின்சுற்றை வடிவமைத்த டேவிட் காக்கெரெல்தான் பின்னாளில் ஸ்மால் ஸ்டோனையும் வடிவமைத்தவர்! கடலலைக்கு: வெண்ணிரைச்சலை ('ஷ்ஷ்' என்ற சீரான இரைச்சல்) ஃபில்டருக்குள் விடுங்கள், அங்கிருந்து டிரபிசாய்டு உறைக்கு (சத்தத்தை ஏற்றி இறக்கும் பகுதி). இந்த உறை தானாகவே திரும்பத் திரும்ப ஓடக்கூடியது. எழ 3 வினாடி, நிற்க 0, விழ 5, ஓய்வு 2. வலப்பக்க ஸ்பீக்கருக்கு அதையே 11 வினாடிச் சுற்றாக இன்னொரு முறை பதியுங்கள். இதே கருவியில் மெட்டு வாசிக்க நினைத்தால் அரை மணி நேரம் சூடேற விட்டு, பிறகு சுருதி சேருங்கள்; அப்போதும் நழுவும்.

தாளத்துக்கு கோர்க் மினிபாப்ஸ் 7 என்ற தாள இயந்திரம். ஒரு நேரத்தில் ஒரு தாளம் என்று செய்த பெட்டி அது. ழார் பொத்தான்களை ஒட்டுநாடாவால் அழுத்திப்பிடித்து, இரண்டு தாளங்களைச் சேர்த்து ஓடவிட்டார். வேகம் ஒரு குமிழில்தான், எண் கிடையாது. ஒருமுறை கை பட்டால் அதே வேகம் திரும்பக் கிடைக்காது. எனவே தாளத்தை முதல் டிராக்கில், பாடல் முழுக்க, தேவைக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகவே பதிந்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

டிரம்ஸ் வாசிக்க ஆளிருக்கும் குழுக்களுக்கு இந்தச் செய்முறையை அப்படியே பொருத்தக் கூடாது. ஹெல்டன் என்ற பிரெஞ்சுக் குழுவின் 1977-ஆம் ஆண்டு இன்டர்ஃபேஸ் தட்டைக் கேளுங்கள்: ஃபிரான்சுவா ஓழேயின் டிரம்ஸும் ரிஷார் பினாஸின் கிட்டாரும் சிந்தசைசரோடு மோதுகின்றன. அங்கே சிம்பலின் பளபளப்பும் ஃபேசர் ஊரும் இடமும் ஒன்றே. இரண்டையும் வைத்தால் கசகசப்புதான் மிஞ்சும். தந்தி ஒலியை 3000 ஹெர்ட்ஸில் வெட்டிவிடுங்கள், அல்லது டிரம்ஸ் நுழையும் இடத்தில் ஃபேசரை அணைத்துவிடுங்கள்.