ஹாஸுக்குப் பெண் அமையவில்லை

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் 'பொனான்சா' என்ற பழைய அமெரிக்க கௌபாய் தொடர் பார்த்தேன்.

அதன் நாயகர்களில் ஒருவன் ஹாஸ் கார்ட்ரைட். குதிரையைப் பார்த்தால் பாவமாக இருக்கும், அப்படி ஒரு உடம்பு. துப்பாக்கியோடு எவன் வந்தாலும் அசையமாட்டான்.

ஒரு பெண் சிரித்தால் போதும். அந்த உயரமான தொப்பியைக் கழற்றிவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழிப்பான்.

அவள் அடுத்த வாரம் இருக்கமாட்டாள் என்று நமக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாது!

1959-இல் தொடங்கிய தொடர். நடித்த டான் பிளாக்கர் 1972-இல் இறக்கும்வரை ஹாஸ் பிரம்மச்சாரிதான்.

அப்பா பென்னுக்கோ மூன்று கல்யாணம். மூன்று மகன்களுக்கும் மூன்று அம்மா. (அந்த அம்மாக்கள் மூவருமே இறந்துபோனார்கள், அது வேறு சோகம்.)

சரி, அவர்களுடைய பாண்டரோசா பண்ணைக்கு மருமகள் வந்துவிட்டால் அடுத்த வாரக் காதலுக்குக் கதாசிரியர்கள் எங்கே போவார்கள்?

இருந்தாலும் நேற்று அவன் தனியாகக் குதிரை ஏறியபோது, தெரிந்த தரகரிடம் ஜாதகம் கொடுத்து வைக்கலாமா என்று தோன்றியது.