அத்திப்பள்ளி தாண்டினால் சிக்னல் போகிறதா?

ஓசூரில் ஒழுங்காக இருக்கும் தமிழ்நாட்டு சிம், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குள் நுழைந்ததும் 'அவசர அழைப்பு மட்டும்' என்கிறதா? பக்கத்தில் இருப்பவரின் அதே கம்பெனி சிம்மில் நாலு கோடும் நிற்கிறதா? அப்படியானால் டவரைச் சந்தேகிக்கும் முன் சிம்மைச் சந்தேகியுங்கள்.

போனுக்குக் கம்பெனி பெயர் முக்கியமில்லை, நெட்வொர்க்கின் அடையாள எண்தான் முக்கியம். ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 404-94, கர்நாடகாவில் 404-45. அதாவது எல்லை தாண்டினால் போனுக்கு அது வேறு நெட்வொர்க். போன் பதிவு கேட்கும்போது அந்த நெட்வொர்க் 'காரணம் 11' (இந்த நெட்வொர்க்கில் அனுமதி இல்லை) என்று மறுத்தால், அதன் எண் சிம்மில் 6எஃப்7பி என்ற தடைப் பட்டியல் கோப்பில் ஏறிவிடும். ஓர் எண்ணுக்கு 3 பைட், அதுவும் இலக்கங்கள் இடம் மாறி: 404-45 அங்கே 04 எஃப்4 54 என்று கிடக்கும். பழைய சிம்களில் 12 பைட், நாலே இடம். நிறைந்தால் மிகப் பழையது வெளியேறும். போனை அணைத்தாலும் அழியாது. சிம்மை வேறு போனில் போட்டால் தடையும் கூடவே போகும்.

அதில் மற்ற கம்பெனிகளின் எண்கள் இருந்தால் கவலை வேண்டாம். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் உங்கள் சிக்னல் விட்டதும் போன் மற்றவர்கள் கதவைத் தட்டி மறுப்பு வாங்கியிருக்கும். திரும்பத் திரும்பத் தட்டிப் பேட்டரியைக் கரைக்காமல் இருக்கத்தான் இந்தப் பட்டியலே. 112 அழைப்புக்குத் தடையுள்ள நெட்வொர்க்கும் உதவும்.

மறுப்புக்குக் காரணம் 13, 15 என்று வந்தால் அது வேறு ரகம். தடை அந்தப் பகுதிக்கு மட்டும், பதிவாவதும் போனின் நினைவகத்தில். அணைத்துப் போட்டால் போய்விடும். இல்லாவிட்டாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் போன் தானே அழிக்கும். ரீஸ்டார்ட் சிலருக்குப் பலித்து சிலருக்குப் பலிக்காதது இதனால்தான்.

சிம்மில் ஏறிய தடையை எடுக்க, செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் போய், தானாகத் தேர்வு செய்வதை அணையுங்கள். தேடி முடிக்க ஓரிரு நிமிடம் ஆகும், பாதியில் வெளியேறாதீர்கள். பட்டியலில் உங்கள் கம்பெனியைத் தொடுங்கள். நீங்களே தேர்ந்தெடுத்தால் தடையை மீறியும் போன் பதிவு கேட்கும். பதிவானால் எண் சிம்மின் தடைப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். மறுபடி மறுத்தால் கோளாறு கம்பெனிப் பக்கம். கஸ்டமர் கேரில் 'ரோமிங்கில் பதிவு மறுக்கப்படுகிறது' என்று குறிப்பாகச் சொல்லுங்கள். நெட்வொர்க் ரீசெட் கொடுக்காதீர்கள். வைஃபை பாஸ்வேர்டு எல்லாம் போகும், சிம் கோப்பு சுத்தமாகும் என்று நம்ப முடியாது.

வேலை முடிந்ததும் தானியங்கித் தேர்வை மறக்காமல் திரும்பப் போடுங்கள். விட்டுவிட்டால் சாயங்காலம் ஓசூர் திரும்பியும் போன் கர்நாடக எண்ணையே தேடிக்கொண்டிருக்கும்.