‘சாஃப்ட்’டுக்கு ஸ்பானிஷில் எந்தச் சொல்?

பள்ளிபாளையம் சிக்கன் சட்டியிலிருந்து இறக்கியதும் சூடாக இருக்கும். ஆறிப்போன பிறகும் காரமாக இருக்கும். தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஸ்பானிஷிலும் அப்படித்தான்: சூட்டுக்கு ‘காலியெந்தே’, காரத்துக்கு ‘பிக்காந்தே’. நடுவில் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து, ‘ஹாட்’ என்று நினைத்துக்கொண்டு அகராதியைத் திறக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. சித்திரை மாதத்தில் ‘எனக்கு வெக்கையா இருக்குது’ என்பதை ‘எஸ்தோய் காலியெந்தே’ என்று சொல்லிவிட்டால், காம உணர்வில் இருப்பதாகப் பொருளாகிவிடும். சொல்ல வேண்டியது ‘தெங்கோ கலோர்’. அதில் பெயரடையே கிடையாது. ‘கலோர்’ என்றால் வெக்கை, அவ்வளவுதான்.

திருப்பூரிலும் கரூரிலும் ஸ்பெயின் பையர்களோடு, அதாவது நம் சரக்கை வாங்குகிறவர்களோடு, வேலை செய்கிறவர்களுக்கும், கோவையில் ஸ்பானிஷ் படிக்கிறவர்களுக்கும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: தமிழ் பிரித்துப் பார்க்கும் பல இடங்களில் ஸ்பானிஷும் பிரித்துப் பார்க்கிறது. ஆங்கில வழியாகப் போனால் கையில் இருக்கும் அந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

‘சாஃப்ட்’டையே எடுத்துக்கொள்வோம், துணித் தொழிலில் அதிகம் புழங்குவது அதுதான். டி-ஷர்ட் தைக்கும் சிங்கிள் ஜெர்ஸி என்ற பின்னல் துணியை எடுத்துப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். சொரசொரப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது ‘சுவாவே’. தோல் மீது ஓடும்போது தெரிவது. அதே துணியில் தைத்த சட்டையின் காலரை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கேன்வாஸ் வைக்காததால் மடங்கிக்கொடுத்தால் அது ‘ப்ளாந்தோ’. அழுத்தினால் தெரிவது. ஆகவே ஒரே சட்டையில் துணி ‘சுவாவே’, காலர் ‘ப்ளாந்தோ’. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல். துணியின் தொடுவுணர்வைப் பாராட்ட நினைத்து ‘தேலா ப்ளாந்தா’ (‘தேலா’ என்றால் துணி, அது பெண்பால் என்பதால் ப்ளாந்தோ ‘ப்ளாந்தா’ ஆகிறது) என்று எழுதினால், துணியில் விறைப்பே இல்லை, தொய்ந்து கிடக்கிறது என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும்.

ப்ளாந்தோ எப்போதும் நல்ல சொல்லாக இருக்காது. நமுத்துப்போன முறுக்கு ப்ளாந்தோ. கண்டிப்பில்லாத அதிகாரி ப்ளாந்தோ. மெத்தைக்குச் சொன்னால் குறையும் இல்லை, நிறையும் இல்லை. தண்ணீருக்கும் இதே சொல்தான்: சாயப்பட்டறைக்குத் தேவையான கடினத்தன்மை இல்லாத தண்ணீர் ‘ஆக்வா ப்ளாந்தா’, போர்வெல்லில் வரும் கடினநீர் ‘ஆக்வா தூரா’. சுவாவேயோ குரலுக்கு, காற்றுக்கு, மிதமான தட்பவெப்பத்துக்கு, காரம் குறைந்த குழம்புக்கு என்று எல்லா இடத்திலும் இதமாகவே வரும்.

சந்தேகம் வந்தால் வினைச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். சுவாவேயிலிருந்து ‘சுவாவிசார்’, ப்ளாந்தோவிலிருந்து ‘அப்ளாந்தார்’. கொண்டைக்கடலையை ஊறவைப்பதும் தோலைப் பதப்படுத்தி இளக்குவதும் அப்ளாந்தார். துணி அலசும்போது ஊற்றும் சாஃப்ட்னருக்குப் பெயர் ‘சுவாவிசாந்தே’. பொருளே இளகுகிறதா, தொடும் உணர்வு மட்டும் மாறுகிறதா என்று கேட்டால் சொல் தானாக வந்துவிடும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது: ‘தியேர்னோ’. இதற்குத் தமிழில் அச்சாகப் பொருந்துவது ‘இளசு’. பிஞ்சுக் கத்திரிக்காயைக் கிள்ளிப் பார்த்து இளசு என்கிறோமே, அந்தச் சொல். ஸ்பெயினில் ‘ஆஹோ தியேர்னோ’ என்றால் பச்சைத் தாளோடு வரும் இளம்பூண்டு. ‘கேசோ தியேர்னோ’ என்றால் அதிக நாள் முதிர விடாத பாலாடைக்கட்டி. பல்லில் சிக்காமல் வெந்த கறிக்கும் இதுவே. துணிக்கு இது வராது. கரூர் டெர்ரி துண்டின் புசுபுசுப்புக்கு ‘எஸ்போன்ஹோசோ’ என்று தனிச்சொல் உண்டு, ஸ்பாஞ்ச் என்ற சொல்லின் உறவுக்காரர். தலையணைக்கு ‘முயீதோ’ என்றும் சொல்வார்கள்.

எதிர்ப்பக்கத்தில் கவனிக்க வேண்டியவை ‘ஆஸ்பெரோ’வும் ‘ருகோசோ’வும். ஆஸ்பெரோ என்றால் உறுத்துகிறது என்ற புகார். ருகோசோ என்றால் மேடுபள்ளமான பரப்பு, குற்றம் ஏதும் இல்லை. நெசவிலேயே வரிவரியாக வரும் போர்வையைப் பற்றி எழுதும்போது முதல் சொல்லைப் போட்டு நம் சரக்கை நாமே குறை சொல்லிவிடக் கூடாது.

அடுத்து ‘டைட்’. உடம்போடு ஒட்டி வரும்படி வடிவமைத்தது ‘அஹுஸ்தாதோ’. இடுப்பில் மட்டும் பிடித்து வெட்டியது ‘எந்தாயாதோ’. இரண்டும் ஃபிட்டின் பெயர்கள். ‘அப்ரெதாதோ’ என்றால் இறுக்கிப் பிடிக்கிறது. நட்டுக்கும் நெருக்கமான தையலுக்கும் பொருந்தும், உடுப்புக்குச் சொன்னால் பெரும்பாலும் புகார். ‘எஸ்த்ரேச்சோ’ என்றால் அகலம் போதவில்லை. போட்டுப் பார்த்தவர் பெயரடையை விட்டுவிட்டு ‘மே அப்ரியேத்தா’, அதாவது ‘என்னை இறுக்குது’ என்று வினையாகவே சொல்வதும் சகஜம்.

‘லூஸ்’ இதைவிட வம்பு பிடித்தது. தாராளமாக வெட்டிய டி-ஷர்ட் ‘ஓல்காதோ’. வெட்டாமல் தொங்கும் நூல் ‘ஈலோ சுவெல்தோ’. டென்ஷன் குறைந்து தொளதொளத்த தையல் ‘கோஸ்தூரா ஃப்ளோஹா’. இந்த மூன்றையும் மாற்றிப் போட்டால் செக்கிங்கில் பார்க்க வேண்டியதைக் கட்டிங்கில் தேடிக்கொண்டிருப்போம். ஃப்ளோஹோவை ஆளுக்குச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும்: லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் அது சோம்பேறி. மந்தமான விற்பனைக்கும் ஃப்ளோஹா என்பார்கள்.

மெலிசான துணிக்கு ‘ஃபீனோ’ என்பார்கள். ஆனால் அந்தச் சொல்லில் நேர்த்தி என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, குறையாகச் சொல்கிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியாது. ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை, சேர்த்து எழுதுங்கள். 160 கேட்டு 145 வந்தது என்றால் எந்த மொழியிலும் தகராறு இல்லை. அதற்கு அவர்கள் சொல்வது ‘கிராமாஹே’.

அளவுப் பட்டியலில் ஒரு பொறி இருக்கிறது. ‘லார்கோ’ என்ற வரியைப் பார்த்ததும் ‘லார்ஜ்’ சைஸ் என்று கை போய்விடும். லார்கோ என்றால் நீளம். ‘ஆன்ச்சோ’ அகலம். பெரியது என்பதற்கு ‘கிராந்தே’. குறைந்த நீளத்துக்கு ‘கோர்த்தோ’. குள்ளமான ஆளுக்கு அது ஆகாது, அவர் ‘பாஹோ’. கோர்த்தோ என்றால் புத்தி மட்டு என்று ஆகிவிடும்.

சரியான பெயரடை கிடைத்த பிறகும் அதை எந்த வினையோடு சேர்ப்பது என்ற கேள்வி இருக்கிறது. ‘லா தேலா எஸ் ஆஸ்பெரா’ என்றால் அந்தத் துணியின் குணமே சொரசொரப்பு. ‘எஸ்தா ஆஸ்பெரா’ என்றால் இப்போது இருக்கும் நிலையில் சொரசொரக்கிறது. ‘ஆ கெதாதோ ஆஸ்பெரா’ என்று எழுதியிருந்தால், ஏதோ ஒரு வேலை முடிந்த பின் அப்படி ஆகிவிட்டது என்கிறார். முதலாவதற்கு நூலையும், மூன்றாவதற்கு வாஷிங்கையும் சாஃப்ட்னர் அளவையும் பார்க்க வேண்டும். பையர் எழுதிய வினைச்சொல்லே எங்கே தேடுவது என்று காட்டிக்கொடுக்கிறது.

இடமும் பொருளை மாற்றும். ‘ஊனா நுவேவா முவேஸ்த்ரா’ என்றால் இன்னொரு சாம்பிள். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ‘நுவேவா’ வந்தால் புத்தம்புதியது என்ற பொருள் மேலோங்கும். முன்னால் வந்திருந்தால் திரும்ப ஒன்று தைத்து அனுப்பச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரிபார்க்க எளிய வழி உண்டு. 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே பெயரடையின் முதல் இரண்டு பொருள்களைப் படியுங்கள். பிறகு நூல்களிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் அதே கழகம் திரட்டிய ‘கோர்ப்பெஸ்’ என்ற சொல்தொகுப்பில் பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் சேர்த்துத் தேடி, எந்தச் சேர்க்கை எத்தனை முறை வருகிறது என்று ஒப்பிடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் தனிச்சொல்லைப் போடாதீர்கள். ‘மென்மையான காலர்’, ‘மென்மையான துணி’ என்று பெயர்ச்சொல்லோடு சேர்த்துப் போட்டால்தான் அதுவும் சரியான சொல்லின் பக்கம் வரும்.

நிறங்களுக்கு மட்டும் ஒரு தனி விதி. ‘லைட்’ என்ற ஆங்கிலச் சொல் எடை குறைவுக்கும் வெளிர் நிறத்துக்கும் ஒன்றே. ஸ்பானிஷில் எடைக்கு ‘லிஹேரோ’, நிறத்துக்கு ‘க்ளாரோ’. வெளிர்நீலம் ‘அசூல் க்ளாரோ’. துணி பெண்பாலானாலும் பன்மையானாலும் இந்த இரட்டைச் சொல்லை மாற்றாமல் அப்படியே விடுவதுதான் வழக்கம்: ‘காமிசேதாஸ் அசூல் க்ளாரோ’. பேக்கிங் லிஸ்ட்டில் ‘அசூலெஸ் க்ளாராஸ்’ என்று இருந்தால் திருத்திவிடுங்கள்.