மூழ்கிய நகை எந்தக் கட்டத்தில் வரும்?

சுகாதாரப் பொருளாதாரம் என்றால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் "ஆஸ்பத்திரிச் செலவைக் கணக்கு எழுதுற வேலை"தான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இத்தனை வருடமாகியும் நான் அதைத் திருத்தவில்லை. பாதி உண்மைதானே.

முதல் களப்பணி விழுப்புரம் பக்கம். நோய்க்காகக் குடும்பங்கள் கையிலிருந்து எவ்வளவு போடுகின்றன என்று கேட்க வேண்டும். மத்திய அரசு நாடு முழுக்க நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று (2017–18) கேட்ட முறையையே வைத்துக்கொண்டோம்: உள்நோயாளிச் செலவுக்குக் கடந்த 365 நாள், புறநோயாளிச் செலவுக்குக் கடந்த 15 நாள். 365 நாள் என்று கேட்டால் விழிப்பார்கள். "போன ஆடிக்கு முன்னாடியா, தீபாவளி தாண்டியா?" என்று கேட்டால் கிழமை முதற்கொண்டு சொல்வார்கள்.

ஒரு அம்மா. கணவருக்குக் காலில் அறுவை சிகிச்சை, அரசு மருத்துவமனையில். "காசே வாங்கல கண்ணு" என்றார். அப்படியே எழுதியிருந்தால் செலவு பூஜ்யம். ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் ஆட்டோ, வெளியே எடுத்த ஸ்கேன், கூட இருந்த நாட்களின் சாப்பாடு, அவர் இழந்த கூலி எல்லாம் வந்தன. பணத்துக்கு என்ன செய்தீர்கள்? "சங்கிலிய வச்சேன்." படிவத்தில் சேமிப்பு, கடன், சொத்து விற்றது, உறவினர் உதவி, மற்றவை என்று கட்டங்கள் இருந்தன. அடகு கடன்தானே, 'கடன்' கட்டத்தில் டிக் அடித்தேன்.

மூன்று வருடம் கழித்து அதே ஊருக்கு வேறொரு ஆய்வுக்காகப் போனேன். அந்த அம்மா அடையாளம் கண்டு மோர் கொடுத்தார். சங்கிலியை மீட்டாரா என்று கேட்டேன்.

"அது மூழ்கிப் போயி எத்தன நாளாச்சு!"

வட்டி கட்ட முடியவில்லை, தவணை தாண்டிவிட்டது, அடகுக் கடையோடு போயிற்று. அப்படியென்றால் அது கடன் இல்லை, மெதுவாக நடந்த விற்பனை. நாங்கள் கேட்ட 365 நாள் முடிந்தபின் நடந்ததால் எந்த ஆய்விலும் ஏறாத விற்பனை. என் ஆய்வேட்டின் அட்டவணையில் அந்தச் சங்கிலி இன்னும் கடனாகத்தான் இருக்கிறது.

இதைவிட உறுத்துவது இன்னொன்று. குடும்பத்தின் மொத்தச் செலவில் 10 விழுக்காட்டை மருத்துவம் தாண்டினால் அதைப் பேரழிவுச் செலவு என்கிறோம். பணமில்லாமல் வலியோடு வீட்டிலேயே கிடந்தவருக்குச் செலவு ஏது? எங்கள் கணக்கில் அவர் பத்திரமாக இருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரு மாணவராவது சிரித்துவிடுவார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை. 'பணமில்லாததால் சிகிச்சைக்குப் போகாமல் இருந்தீர்களா' என்று தனியாகக் கேட்கலாம், கேட்கிறோம். ஆனால் கட்டுரையின் சுருக்கத்தில் மேலே நிற்பது பேரழிவுச் செலவில் விழுந்த குடும்பங்கள் எத்தனை விழுக்காடு என்பதுதான். ஆண்டுக்கு 5 லட்சம் வரை தரும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் எவ்வளவு காப்பாற்றியது என்ற வாதமும் பெரும்பாலும் அதை வைத்துத்தான் நடக்கிறது.

அடுத்த கேள்வித்தாளில் ஒரு வரி சேர்த்தேன்: "வைத்த நகை இப்போது எங்கே இருக்கிறது?" அதைச் சோதித்துப் பார்க்க ஊருக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து, அந்த ஒரு கேள்விக்கே வீட்டுக்குக் கால் மணி நேரம் போகிறது, எடுத்துவிடலாமா மேடம் என்றார்கள். வேறு இரண்டு கேள்விகளை எடுத்தோம்.