பிரம்புப் பந்தை மறுபடி தொட்டேன்

போன ஜூலையில் நான் விழுந்தது பந்து விளையாடும்போது இல்லை, வீட்டுப் படிக்கட்டில். ரங்கூன் டவுனில் நாங்கள் இருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவு ஒடுக்கமான படி. கரண்ட் போயிருந்தது. வெளியே நல்ல மழை, ஏறி இறங்கியவர்களின் குடைத் தண்ணீர் படியெல்லாம் சொட்டிக் கிடந்தது. கீழே இன்னும் மூன்று படி பாக்கி இருக்கும்போதே தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். ரப்பர் செருப்பு வழுக்கிவிட்டது. இடது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பில் கீறல். ஆறு வாரம் மாவுக்கட்டு.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் சின்லோன் ஆடப் போகக் கால் வரவில்லை. அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. அதிலிருந்து எப்படித் திரும்பினேன் என்பதைத்தான் எழுதுகிறேன். என்னைப் போல 68, 70 வயதில் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

பர்மாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பிரம்பில் பின்னிய பந்தைக் கையால் தொடாமல், கீழே விழவிடாமல் தட்டிக்கொண்டே இருப்பதுதான் சின்லோன். ஆறு பேர் வட்டமாக நடந்துகொண்டே ஆடுவார்கள். ஒருவர் நடுவில் நின்று வித்தை காட்டுவார், மற்ற ஐந்து பேரும் பந்தை அவருக்கு வாகாகத் திருப்பிக் கொடுப்பார்கள். எதிரணி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. 2013இல் நேப்பிடோவில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் புள்ளி வைத்து ஆடினார்கள், அது வேறு. கால்விரல் நுனி, உள்பாதம், வெளிப்பாதம், உள்ளங்கால், குதிகால், முழங்கால் என்று எதில் தட்டினாலும் அந்த நொடியில் நாம் நிற்பது ஒற்றைக் காலில். பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தேன். எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் காலை ஆறு மணிக்கு வட்டம் கூடும். நான்கு பர்மியர், ஒரு சீனர், நான்.

பயம் ஒரே நாளில் வரவில்லை. முதலில் மழை நாளில் மட்டும் இறங்காமல் இருந்தேன். அப்புறம் விடியும் முன் இருட்டு என்று சொன்னேன். அப்புறம் நடைபாதையில் சாக்கடை மேல் போட்ட பலகைக்கல் ஆடுகிறது, சந்தையில் கூட்டம் இடிக்கிறது என்றேன். அனவ்ரதா சாலைக் காளி கோயிலுக்குப் போவதும் நின்றது. கழுவிவிட்ட தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டுமே என்று.

எல்லாவற்றுக்கும் கயிறு இருந்தது. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், பால்கனியில் இருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும். நுனியில் கவ்வியோ பையோ, மேலே ஒரு மணி. கீழே இருந்து இழுத்தால் மணி அடிக்கும், மாட்டிவிட்டதை மேலே இழுத்துக்கொள்ளலாம். முன்பு பேப்பருக்கு மட்டும் பயன்பட்டது. விழுந்த பிறகு காலை உணவான மொஹிங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸ், மாத்திரை, வாழைப்பழம் எல்லாம் கயிற்றில்தான். ஒருநாள் என் மனைவி, “என்னங்க, நீங்க கீழே இறங்கி எத்தனை நாளாச்சு?” என்று கேட்டாள். எண்ணிப் பார்த்தேன். பதினோரு நாள்.

சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் மகளிடம் அவள்தான் சொல்லியிருக்கிறாள். மகள் போனில் சுற்றி வளைக்கவில்லை. “அப்பா, மறுபடி விழக்கூடாதுன்னுதான் உட்கார்ந்திருக்கீங்க. உட்கார்ந்தே இருந்தா கால் சதை கரைஞ்சிடும், அப்பத்தான் விழுவீங்க.” பிறகு ஒரு கேள்வித்தாளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பதினாறு கேள்வி. குளிக்கும்போது, படி ஏறும்போது, கூட்டத்தில் நடக்கும்போது, தலைக்கு மேல் இருப்பதை எட்டி எடுக்கும்போது விழுந்துவிடுவோம் என்று எவ்வளவு கவலை? ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். கவலையே இல்லை என்றால் மொத்தம் 16, எல்லாவற்றுக்கும் கவலை என்றால் 64. 28 வந்தாலே அதிகம் என்று கணக்காம். எனக்கு 39 வந்தது. இது மனசு பலவீனம் இல்லை, விழுந்தவர்களுக்கு வரும் இந்தப் பயத்தைப் பற்றி மருத்துவர்கள் 1982இலேயே தனிப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள் என்றாள். அதைக் கேட்டதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

வீடியோவில் என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தாள். பயந்து நடக்கிறவர் அடியைச் சின்னதாக வைப்பார், காலை அகட்டுவார், உடம்பை விறைத்துக்கொள்வார், கண் தரையை விட்டு எழாது. அந்த விறைப்பே சமநிலையைக் கெடுக்கும். நான் அப்படித்தான் நடந்தேன்.

ஜனவரி இரண்டாம் வாரம். முதலில் டாக்டரிடம் போய் ரத்த அழுத்த மாத்திரையையும் தலைசுற்றல் உண்டா என்பதையும் பார்த்துக்கொண்டேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். அப்புறம் இரண்டு சோதனை. கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்து முப்பது வினாடியில் எத்தனை முறை எழ முடிகிறது? 9. என் வயது ஆணுக்கு 12க்குக் குறைந்தால் கால் பலம் போதாது. ஒற்றைக் காலில் வலது 5 வினாடி, இடது 3. ஐம்பத்தாறு வருஷம் ஒற்றைக் காலில் நின்று ஆடியவன் நான். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மகள் சொல்லிக்கொடுத்தவை நியூசிலாந்தில் வயதானவர்களுக்கென்றே வகுத்த ஒட்டாகோ பயிற்சிகள். வாரம் மூன்று நாள் அரை மணி நேரம். கிச்சன் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது, குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடப்பது, உட்கார்ந்து எழுவது. மற்ற நாளில் இரண்டு நாள் நடை. முதல் வாரம் தொடை அப்படி வலித்தது. மூன்றாம் வாரம் குறைந்தது.

பிப்ரவரியில் அலமாரிக்கு மேல் இருந்து பந்தை எடுத்தேன். ஐந்து பக்கமுள்ள பன்னிரண்டு ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் தூசி. ஓர் இடத்தில் பிரம்பு காய்ந்து சிலும்பு விட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, சிலும்பை நகவெட்டியால் நறுக்கி, விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். பிறகு கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு போட்டு, உட்கார்ந்தே ஆடினேன். முழங்காலில் போட்டு, அங்கிருந்து உள்பாதத்துக்கு. டக். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் கண் கலங்கிவிட்டது. முதல் நாள் விடாமல் தட்டியது 4. பத்தாம் நாள் 31.

நின்று ஆடுவதற்குத்தான் யோசனை தேவைப்பட்டது. இந்த ஆட்டத்தில் விழுவது பெரும்பாலும் தட்டும்போது இல்லை, விலகிப் போகிற பந்தை எட்டிப் பிடிக்கப் பாயும்போதுதான். அதனால் பந்தை ஓட முடியாதபடி செய்தேன். பழைய பால்கனிக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, உத்தரத்துக் கொக்கியில் கட்டி, பந்தை முழங்கால் உயரத்தில் தொங்கவிட்டேன். இரண்டு பக்கமும் கனமான நாற்காலி, முதுகுப்பக்கம் என்னைப் பார்த்தபடி. தட்டினால் பந்து ஊஞ்சல் மாதிரி திரும்பி வரும், துரத்த வேண்டாம். மூன்று வாரத்தில் ஒரு பக்கத்து நாற்காலியை எடுத்துவிட்டேன். இதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

மார்ச் முதல் வாரம் மரத்தடிக்குப் போனேன். வட்டத்தில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட இரண்டு வயது இளையவர். “அகோ (அண்ணா), ஓரத்தில் நில்லுங்கள். நடுவில் வர வேண்டாம். உங்கள் வலது காலுக்கு மட்டும் கொடுக்கிறோம்” என்றார். யாரும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அன்று பந்து ஒவ்வொரு முறையும் என் வலது முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால்தான் வந்து இறங்கியது. எதிரணி இல்லாத ஆட்டம் என்பதன் அருமை எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

சிலவற்றை விட்டுவிட்டேன். குதித்துத் தட்டும் எதுவும் இனி இல்லை. முதுகுக்குப் பின்னால் இறங்கும் பந்தைப் பார்க்காமலே உள்ளங்காலால் மேலே அனுப்புவது என் கை வந்த வித்தை. அது படிய எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. அதையும் விட்டாயிற்று. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் பயந்து விடவில்லை. கழுத்தைத் திருப்பினால் இப்போது தடுமாறுகிறது என்று நாலு முறை சோதித்துப் பார்த்த பிறகு விட்டேன்.

மார்ச் கடைசியில் ஒரு காலை, வேரில் கால் இடறித் தள்ளாடினேன். விழவில்லை, இன்னொரு கால் தானாக முன்னால் போய் ஊன்றிக்கொண்டது. இருந்தும் அடுத்த நான்கு நாள் இறங்கவில்லை. பழையபடி நெஞ்சு படபடப்பு. ஐந்தாம் நாள் மனைவியும் கூட வந்தாள், ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆட்டம் முடியும்வரை பார்த்தாள். அதற்குப் பிறகு சரியாயிற்று.

படிக்கட்டிலும் சில மாற்றம் செய்தோம். மகன் ஒவ்வொரு படி விளிம்பிலும் வெள்ளைப் பெயிண்ட் கோடு அடித்தான். ரப்பர் செருப்பு போய்ப் பின்பட்டை வைத்த கான்வாஸ் ஷூ வந்தது. லோஞ்சியைத் தூக்கிக் கட்டாமல் இறங்குவதில்லை. சட்டைப் பையில் டார்ச். மூக்குக்கண்ணாடியை மாற்றியதுதான் முக்கியம். இரட்டைப் பார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது, அதன் வழியே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். இப்போது நடக்கத் தனிக் கண்ணாடி.

ஏப்ரலில் திஞ்சான் வந்தது, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா. தெருவெல்லாம் தண்ணீர், பிள்ளைகள் வாளியோடு நிற்பார்கள். அந்த நாட்களில் நான் இறங்கவில்லை. அதைப் பயம் என்று நான் சொல்ல மாட்டேன், பால்கனியில் உட்கார்ந்து சந்தோஷமாகத்தான் பார்த்தேன்.

இது மே முதல் வாரம். நாற்காலி 13. வலது கால் 14 வினாடி, இடது 9. கேள்வித்தாள் 25. இடது கால்தான் இன்னும் இழுக்கிறது, அதற்கு மட்டும் தினமும் பத்து நிமிஷம் கூடுதலாகச் செய்கிறேன்.

இன்னும் சில நாளில் மழை பிடித்துக்கொள்ளும். மரத்தடி பாசி கட்டிவிடும், அக்டோபர்வரை அங்கே போகப் போவதில்லை. வட்டத்தில் வயதான மூன்று பேர் மட்டும் ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் ஆடலாம் என்று பேசியிருக்கிறோம். தரை சொரசொரப்பான சிமெண்ட், அது நல்லது. கூரைதான் கொஞ்சம் தாழ்வு, பந்தை உயரமாக அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை போய் அளந்து பார்க்கிறோம்.